ஃபிஜி, ஒரு கைக்குழந்தை, ஒரு பொய்

கடைசியா இங்க எழுதி எத்தனை மாசம் ஆச்சுன்னு பார்க்கவே பயமா இருக்கு. ஆபீஸ்ல ஆணி அதிகம். வீட்ல அதைவிட அதிகம். வீட்டு ஆணி இப்ப ஓட ஆரம்பிச்சிருச்சு, சாவிக்கொத்தை எல்லாம் வாஷிங் மெஷினுக்குள்ள போடுது.

போன வாரம் கூட வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தர் கேட்டார். "நீங்கதான் குழந்தையோட ஃபிஜி போனவங்களாச்சே, நாங்களும் போகலாம்னு இருக்கோம், எப்படி?" சூப்பரா இருக்கும், போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டு சீட்டுக்கு வந்தேன். உட்கார்ந்ததுக்கு அப்புறம்தான் உறுத்துச்சு. இதே மாதிரி நாலு 'சூப்பரை' நம்பித்தான் நானும் கிளம்பினேன். அவர்கிட்ட சொல்லாததை இங்க எழுதிடறேன். கொஞ்சம் நீளம். காபி எடுத்துட்டு வந்துடுங்க.

2024 ஜூலை. சிட்னில குளிர்காலம். பாப்பாவுக்கு 9 மாசம். தங்கமணியோட பிரசவ லீவு முடிய இன்னும் மூணு வாரம். அந்த ஒன்பது மாசத்துல அவ சேர்ந்தாப்ல நாலு மணி நேரம் தூங்கின ராத்திரிகளை விரல் விட்டு எண்ணிடலாம். (நான் தூங்கினேனான்னு கேக்காதீங்க, இது குடும்பப் பதிவு.) வேலைக்குத் திரும்பறதுக்கு முன்னாடி அவளுக்கு ஒரு வாரம் வெயில், கடல், வேற யாராவது சமைச்சுப் போடற சாப்பாடு, இது மூணும் கிடைக்கணும்னு நினைச்சேன். நினைச்சதுல தப்பில்ல.

சிட்னிலேர்ந்து ஃபிஜி சுமார் 3,200 கி.மீ. விமானத்துல நாலு மணி நேரம். சென்னைக்குப் போறதுல பாதி கூட கிடையாது. நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் அங்க மழை, புயல் சீசன். ஜூலைல வானம் தெளிவா இருக்கும், கொசுவும் குறைச்சல். இதெல்லாம் சரியாத்தான் பார்த்திருந்தேன்.

தஞ்சாவூர்லேர்ந்து அம்மா போன்ல, "பல்லு முளைக்கிற நேரத்துல ஊர் ஊரா தூக்கிட்டுத் திரியாதீங்கடா. தண்ணி மாறினா ஒத்துக்காது"ன்னாங்க. சரிம்மா சரிம்மான்னு வச்சிட்டேன்.

தங்கமணி கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஒரு புதன்கிழமை மத்தியானம், வீட்லேர்ந்து பொட்டி தட்டிகிட்டிருக்கேன், ஒரு காதுல ஹெட்போன், மீட்டிங் ஓடுது. கதவுல சாஞ்சுகிட்டு, பாப்பாவை இடுப்புல வச்சுகிட்டு கேட்டா.

"அந்தத் தீவுல டாக்டர் இருக்காங்களாடா?"

"இருக்காங்க. எல்லாம் பார்த்துட்டேன்."

பார்க்கலை. நான் பார்த்தது அறைல தொட்டில் தருவாங்களா, புட்டி கழுவ வெந்நீர் கெட்டில் உண்டா, படகுல குழந்தைக்கு டிக்கெட் வேணுமா, சூரியன் எந்தப் பக்கம் மறையும், இவ்வளவுதான். மீட்டிங் முடிஞ்சதும் டாக்டர் விஷயத்தைப் பார்த்துடலாம்னு நினைச்சேன். முடியறதுக்குள்ள ப்ரொடக்‌ஷன்ல என்னமோ புட்டுகிச்சு. அதோட மறந்தே போச்சு. அவ மறக்கலை. பதில் கிடைச்சிருச்சுன்னு நிம்மதியா விட்டுட்டா.

விமானத்தைப் பத்தி அதிகம் சொல்றதுக்கில்ல. ஏறும்போதும் இறங்கும்போதும் பால் குடுத்துகிட்டே இருந்தா காது அடைக்காதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது நிஜம்தான். மாத்துத் துணி குழந்தைக்கு மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க, உங்களுக்கும் ஒரு சட்டை வைங்க. ஏன்னு விளக்கமா எழுதினா காபி குடிக்கிறவங்க அடிக்க வருவீங்க.

இறங்கின ஊர் பேரை ஆங்கில எழுத்துல பார்த்தா 'நாடி'. வாயால சொல்ல வேண்டியது 'நாண்டி'. ஃபிஜி மொழியை ஆங்கில எழுத்துல எழுத ஆரம்பிச்ச மிஷனரிங்க ஒரு சத்தத்துக்கு ஒரு எழுத்துதான்னு கறாரா வச்சுட்டாங்க. அதனால ஆங்கில 'டி'யைப் பார்த்தா 'ண்ட'ன்னு படிக்கணும், 'பி'யைப் பார்த்தா 'ம்ப', 'சி'யைப் பார்த்தா 'த'. நாங்க போன தீவுக் கூட்டம் போர்டுல மாமனுகா, ஊர்க்காரங்க வாயில மாமனுதா. டிஸ்கி ஃபைலை யூனிகோடுல திறந்து முழிச்ச அனுபவம் உள்ள நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி.

ஃபிஜில மொத்தம் 330-க்கும் மேல தீவுகள். விமானம் இறங்கறது விட்டி லெவுங்கிற பெரிய தீவுல. போஸ்டர்ல பார்க்கிற சின்னத் தீவுகளுக்கு டெனராவ் துறைமுகத்துலேர்ந்து படகு புடிக்கணும். எங்க தீவுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. பாப்பா படகு முழுக்கத் தூங்கினா. தங்கமணி என் தோள்ல சாஞ்சு, தண்ணியோட நிறம் மாறி மாறிப் போறதைப் பார்த்துகிட்டே வந்தா. வாழ்க்கைல நான் பண்ணின பெஸ்ட் புக்கிங்னு மனசுக்குள்ள காலரைத் தூக்கி விட்டுகிட்டேன்.

தீவைச் சுத்தி நடக்க இருபது நிமிஷம் போதும். கரைல இறங்கறதுக்குள்ள 'புலா, புலா'ன்னு ஒரு கூட்டம் பாடிகிட்டே வந்து பாப்பாவை வாங்கிட்டுப் போயிருச்சு. வாங்கிட்டுன்னா நிஜமாவே. எங்க பெட்டியை யாரும் கண்டுக்கலை. அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பார்த்தா சமையல்கட்டுல யாரோ ஒருத்தர் இடுப்புல உட்கார்ந்து பப்பாளி சப்பிகிட்டிருக்கா. குழந்தையைப் பார்த்துக்கிற பெண்களை அங்க 'மெய்மெய்'னு சொல்றாங்க. எங்களுக்கு வந்த மெய்மெய்க்கு அறுபது வயசு இருக்கும், பேரப்பிள்ளைங்க பக்கத்துத் தீவுக் கிராமத்துல. அவங்க பேரை இங்க போடலை, அந்த அம்மான்னே சொல்றேன்.

குழந்தை சாப்பாட்டுக்கு அந்த ஊர் சொர்க்கம். பப்பாளி, வாழைப்பழம், சக்கரவள்ளிக் கிழங்கு, மரவள்ளிக் கிழங்கு. இந்திய வம்சாவளிக்காரங்க நிறைய இருக்கறதால பருப்பும் சோறும் கேட்டா யாரும் முழிக்கறதில்ல. நாங்க ஒரு கிலோ கஞ்சி மாவைக் கட்டிகிட்டுப் போய், விமான நிலையத்துல எழுதிக் குடுத்து, அதிகாரி மோந்து பார்த்து அனுப்பினதெல்லாம் வீண்.

ஆனா ஒண்ணு. காலைல பத்து மணிலேர்ந்து சாயங்காலம் நாலு வரைக்கும் அந்த வெயில்ல ஒன்பது மாசக் குழந்தையை வெளிய கொண்டு போக முடியாது. கடல்னா பவளப்பாறை, காலை வச்சா கீறும். மணல்னா பாப்பாவுக்குத் தீனி. ஆக, அத்தனை காசு குடுத்துப் போய், உலகத்துலேயே அழகான கடலை ஜன்னல் கண்ணாடி வழியா, இருட்டு அறைல, குழந்தை முழிச்சுக்கக் கூடாதுன்னு கிசுகிசுன்னு பேசிகிட்டே பார்த்தோம். நான் நொந்துக்கலை. ஏன்னா ரெண்டாவது நாள் மத்தியானம் அந்த அம்மா பாப்பாவைத் தென்னை நிழல்ல வச்சுகிட்டிருந்தப்போ தங்கமணி மூணு மணி நேரம் அசையாம தூங்கினா. நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துகிட்டே இருந்தேன். போட்டோ எடுக்கலாம்னு போனை எடுத்து, சத்தம் வருமோன்னு வச்சிட்டேன்.

மூணாவது நாள் ராத்திரி பத்தே முக்கால் இருக்கும். என்னைத் தட்டி எழுப்பினா. கைல தெர்மாமீட்டர். பாப்பா அவ மடில, கண்ணு பாதி திறந்து, அழக்கூட இல்ல. நெஞ்சுல கை வச்சா தோசைக்கல்லு. எனக்குக் காட்டறதுக்காக இன்னொரு தடவை அக்குள்ல வச்சா. 39.4.

கொண்டு போயிருந்த பாரசிட்டமால் சொட்டு மருந்தை எடைக்குத் தகுந்த அளவு பார்த்துக் குடுத்தோம். அதுல பாதி வெளிய வந்துருச்சு.

"டாக்டரை வரச் சொல்லு"ன்னா.

அந்த நாலு எழுத்தைக் கேட்டப்போ வயித்துல ஏதோ கழண்டு விழுந்த மாதிரி இருந்துச்சு. "இதோ"ன்னு ரிசப்ஷனுக்கு ஓடினேன். ஓடும்போதே தெரியும்.

ரிசப்ஷன்ல இருந்த பையன் ரொம்ப மரியாதையா சொன்னான். தீவுல டாக்டர் கிடையாது. முதலுதவி படிச்சவங்க ரெண்டு பேர் இருக்காங்க. பெரிய தீவுல இருக்கிற ஒரு கிளினிக்குக்கு போன் போட்டுத் தரேன். ராத்திரில பவளப்பாறைக்கு நடுவுல படகு விடறது ஆபத்து, உயிர் போற நிலைமைன்னா மட்டும் விடுவோம். காலைல ஆறரைக்கு முதல் படகு. அவன் மேல ஒரு தப்பும் இல்ல. இது எல்லாமே அவங்க பக்கத்துல எழுதியிருந்துச்சாம். அப்புறம் பார்த்தேன், எழுதித்தான் இருந்துச்சு.

திரும்பி வந்து வாசல்ல நின்னேன். அவ நிமிர்ந்து பார்த்தா.

"இங்க டாக்டர் இல்லை"ன்னேன்.

"நீ பார்த்தேன்னு சொன்னே."

"பார்க்கலை."

கத்துவான்னு நினைச்சேன். கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஒண்ணும் சொல்லாம பாப்பாவோட சட்டையைக் கழட்ட ஆரம்பிச்சா. அப்புறம் குழந்தையைப் பார்த்துகிட்டே, ரொம்ப மெதுவா, "பார்க்கலைன்னா பார்க்கலைன்னு சொல்லியிருக்கலாம் இல்ல? நானே பார்த்திருப்பேனே"ன்னா. இதுக்கு என்ன பதில் சொல்றது? போன் அடிச்சுது, எடுத்தேன்.

போன்ல வந்த டாக்டர் ஒரு பெண். பதட்டமே இல்லாத குரல். நம்பரை விட குழந்தையைப் பாருங்கன்னாங்க. பால் குடிக்கிறாளா? ஈரம் பண்றாளா? கூப்பிட்டா பார்க்கிறாளா? மூச்சு வாங்கும்போது விலா எலும்பு உள்ள இழுக்குதா? உடம்புல எங்கயாவது சிவப்புப் புள்ளி இருந்தா கண்ணாடி டம்ளரை அது மேல வச்சு அழுத்துங்க. அழுத்தியும் மறையலைன்னாலோ, துவண்டு போனாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சு திணறினாலோ உடனே கூப்பிடுங்க, படகு விடச் சொல்றேன். மருந்து 24 மணி நேரத்துல நாலு தடவைக்கு மேல வேண்டாம். பால் மட்டும் குடுத்துகிட்டே இருங்க.

நமக்குத் தெரிஞ்ச ஒரே வேலையைப் பண்ணினேன். லேப்டாப்பைத் திறந்து எக்செல்ல ஒரு ஷீட். நேரம், சூடு, பால் எத்தனை நிமிஷம், டயப்பர், மருந்து. முதல் வரி: 10.50, 39.4. இருபது நிமிஷத்துக்கு ஒரு வரி. தங்கமணி சொல்லுவா, நான் அடிப்பேன். அந்த ராத்திரி நாங்க பேசிகிட்டது அவ்வளவுதான். "ஏழு நிமிஷம் குடிச்சா." "ம்." "மூச்சு சரியா இருக்கு." "ம்."

பன்னிரண்டு மணி வாக்குல கதவு தட்டுச்சு. அந்த அம்மா. ரிசப்ஷன் பையன் போய் எழுப்பியிருக்கான். அவங்க எங்ககிட்ட ஒண்ணும் கேக்கலை. தங்கமணி பக்கத்துல தரைல உட்கார்ந்தாங்க. ஓலை விசிறி ஒண்ணு கொண்டு வந்திருந்தாங்க. பாப்பாவுக்கு வீசினாங்க, அப்புறம் தங்கமணிக்கு வீசினாங்க. நடுவுல ஏதோ பாட்டு, வார்த்தை புரியலை. ஒரு மணிக்கு மேல தங்கமணி அவங்க தோள்ல சாஞ்சு அழுதா. என் தோள் நாலடி தள்ளி இருந்துச்சு.

அறைக்கு வெளிய வந்து கொஞ்ச நேரம் நின்னேன். எங்க தீவுலேர்ந்து பார்த்தா தூரத்துல மோனுரிகி தெரியும், 2000-ல வந்த 'காஸ்ட் அவே' படத்தை எடுத்த தீவு. பகல்ல அதைக் காட்டிக் காட்டி பந்தா விட்டுகிட்டிருந்தேன். ராத்திரில ஒண்ணுமே தெரியலை. கடல் எது வானம் எதுன்னே தெரியலை. பெரிய தீவு அந்தப் பக்கம் இருக்கணும், ஒரு வெளிச்சம் கூட இல்ல. ஒரு மணி நேரப் பயணம்னு புக் பண்ணும்போது படிச்சது ஞாபகம் வந்துச்சு. ராத்திரி பத்தே முக்காலுக்கு அது கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம்.

அஞ்சு மணி வரிக்கு 38.3. ஆறரைக்குப் படகு. அந்த அம்மா கரை வரைக்கும் பாப்பாவைத் தூக்கிட்டு வந்தாங்க, படகுல ஏறினதுக்கு அப்புறம்தான் குடுத்தாங்க. "வினாகா"ன்னு மட்டும் எனக்குச் சொல்லத் தெரிஞ்சுது. நன்றின்னு அர்த்தம்.

டெனராவ்ல ஏறின டாக்சிக்காரர் இந்திய வம்சாவளி, ஐம்பது வயசிருக்கும். ஃபிஜி ஹிந்தில ஆரம்பிச்சார். என் ஹிந்தி லட்சணம் உங்களுக்குத் தெரியும். ஆங்கிலத்துக்கு வந்தோம். நாங்க தமிழ்னு தெரிஞ்சதும், தன் குடும்பப் பேர் கவுண்டர்னு சொன்னார். தமிழ்ல நாலஞ்சு வார்த்தை தவிர தெரியாதாம், அதையும் கோயில்ல கத்துக்கிட்டதாம். கிளினிக் வாசல்ல இறக்கி விட்டுட்டு மீட்டரை அணைச்சுட்டு அங்கயே நின்னார்.

போன்ல பேசின அதே டாக்டர். காது, தொண்டை, நெஞ்சு எல்லாம் பார்த்தாங்க. அந்த ஊர்ல டெங்கு உண்டுங்கறதால ஒரு ரத்தப் பரிசோதனை. பாப்பா அந்தத் தீவே அதிர்ற மாதிரி கத்தினா. அந்த அழுகையைக் கேட்டப்போ வந்த சந்தோஷம் இருக்கே, சொல்ல முடியாது. டெங்கு இல்ல. பல்லு முளைக்கிறதால இவ்ளோ காய்ச்சல் வராது, ஏதோ வைரஸ்தான், இந்த வயசுல மூணு நாள் அடிச்சிட்டு, காய்ச்சல் விட்டதும் உடம்புல ரோஸ் கலர்ல பொரிப்பொரியா வந்தா பயப்படாதீங்க, அது ரோசியோலா, தட்டம்மை கிடையாது, தானா போயிடும்னாங்க. இது சிட்னிலேயே ஒட்டிகிட்டு வந்திருக்கும்னும் சொன்னாங்க. அதாவது, வீட்ல இருந்திருந்தாலும் வந்திருக்கும். அந்த வரியைக் கேட்டதும் தங்கமணி முகத்தைப் பார்த்தேன். அவ டாக்டரைத்தான் பார்த்துகிட்டிருந்தா.

தீவுக்குத் திரும்பிப் போகலை. மிச்ச ரெண்டு ராத்திரி காசு போனது போனதுதான். நாண்டி ஊருக்குள்ள ஒரு சாதாரண ஹோட்டல், எதிர்ல மருந்துக்கடை. ஜன்னலைத் திறந்தா பஸ் ஸ்டாண்டு. தங்கமணி அந்தப் பயணத்துல நிம்மதியா சிரிச்சது அந்த அறைக்குள்ள நுழைஞ்சப்போதான்.

ரெண்டு நாள் கழிச்சு காய்ச்சல் சுத்தமா விட்டுச்சு. கவுண்டர் சாரே போன் பண்ணி விசாரிச்சு, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு வந்தார். நாண்டி மெயின் ரோடு முடியற இடத்துல சிவசுப்ரமணிய சுவாமி கோயில், கோபுரம் கலர் கலரா நம்ம ஊர் மாதிரியே. இப்ப இருக்கிற கட்டடத்துக்கு 1994-ல கும்பாபிஷேகம் ஆச்சு. போற வழில கரும்பு. அறுவடைக் காலம், லாரி லாரியா லவ்டோகா ஆலைக்குப் போய்கிட்டிருந்துச்சு.

ஃபிஜிக்கு ஒப்பந்தக் கூலிகளா ஆளுங்களை ஏத்திகிட்டு வந்த முதல் கப்பல் 1879-ல கல்கத்தாலேர்ந்து. மதராஸ்லேர்ந்து 1903-ல ஆரம்பிச்சுது. 1916-ல கப்பல் நிக்கறதுக்குள்ள மொத்தம் அறுபதாயிரம் பேருக்கு மேல. அஞ்சு வருஷ ஒப்பந்தம், அக்ரிமெண்ட்டுங்கிற வார்த்தை திரிஞ்சு 'கிர்மிட்'. பாரதியார் ஃபிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பத்தி எழுதினதை ஸ்கூல்ல படிச்சிருப்போம். எனக்கு அது மார்க் வாங்கின பாட்டு, அவ்வளவுதான்.

கோயில் வெளித் திண்ணைல உட்கார்ந்திருந்தப்போ கவுண்டர் சார் போன்ல ஒரு படம் காட்டினார். அவரோட பாட்டியம்மா, அதாவது தாத்தாவோட அம்மா, வந்த கப்பல் சீட்டோட நகல். ஒவ்வொருத்தருக்கும் அப்படி ஒரு சீட்டு உண்டு, சுவா ஆவணக் காப்பகத்துல இருக்குது. ஜில்லா: வட ஆற்காடு. கிராமத்துப் பேரை ஆங்கிலத்துல எவனோ கேட்ட மாதிரி எழுதியிருக்கான், எனக்கும் புடிபடலை. வட ஆற்காடு எங்க இருக்குன்னு கேட்டார். மேப்ல வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை எல்லாம் காட்டினேன், இந்தச் சுத்து வட்டாரம்தான், இப்ப அந்தப் பேர்ல ஜில்லா கிடையாதுன்னேன். விரலை வச்சுப் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்துகிட்டே இருந்தார்.

சீட்டோட ஓரத்துல, கூட ஒரு கைக்குழந்தைன்னு குறிப்பு இருந்துச்சு. தங்கமணிதான் கவனிச்சா. அந்தக் குழந்தைதான் உங்க தாத்தாவான்னு கேட்டா.

"இல்ல. தாத்தா இங்க பொறந்தவர்."

"அப்ப அந்தக் குழந்தை?"

தெரியாதுன்னார். வீட்ல யாரும் பேசினதில்லையாம்.

அப்பல்லாம் நீராவிக் கப்பல்ல மதராஸ்லேர்ந்து இங்க வர ஒரு மாசம் ஆகும். வந்து சேர்ந்த பிறகு கூலி லயன்கள்ல குழந்தைச் சாவு ரொம்ப அதிகம்னு அந்தக் கால அரசாங்க அறிக்கைகள்லேயே இருக்கு. இதை நான் அங்க சொல்லலை. தங்கமணி பாப்பாவுக்கு டயப்பர் மாத்தறேன்னு எழுந்து போனா. ரெண்டு நிமிஷத்துல என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, கோயில்னு கூட பார்க்காம சத்தமா. ஓடினேன். பாப்பாவோட முதுகு முழுக்க ரோஸ் கலர்ல பொரி.

"வந்துருச்சுடா"ன்னா. ஏதோ பரீட்சை ரிசல்ட் மாதிரி. சிரிக்கிறாளா அழறாளான்னு தெரியலை. மூணு நாளைக்கு அப்புறம் அவளா என்னைக் கூப்பிட்டது அதான் முதல் தடவை.

அம்மாவுக்கு போன் பண்ணினோம். "அம்மைடா அது, வேப்பிலை கிடைக்குமா பாரு"ன்னாங்க. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "டாக்டர் சொல்லுவாங்க, நீ வேப்பிலையைப் பாரு." கவுண்டர் சார் பின்னாடி போய் ஒரு கொத்து ஒடிச்சுட்டு வந்து தங்கமணி கைல குடுத்தார். அவருக்கு நாங்க என்ன பேசினோம்னு யாரும் சொல்லலை. அவருக்குத் தெரிஞ்ச நாலஞ்சு வார்த்தைல அதுவும் ஒண்ணு போல.

நண்பருக்கு இன்னிக்கு மத்தியானம் மெயில் போட்டாச்சு. எந்தத் தீவுன்னாலும் முதல்ல போன் பண்ணி டாக்டர் உண்டா, ராத்திரி படகு உண்டான்னு கேளுங்க, கைக்குழந்தைன்னா பெரிய தீவுலேயே தங்குங்க, பகல்ல மட்டும் படகுல போயிட்டு வாங்கன்னு. போகாதீங்கன்னு எழுதலை. அந்த மூணு மணி நேரத் தூக்கம் ஞாபகம் வந்துச்சு.

பப்ளிஷ் பண்றதுக்கு முன்னாடி இதைத் தங்கமணிகிட்ட படிக்கக் குடுத்தேன். என் பேர் கெடற இடத்துல எல்லாம் நிறுத்தி நிதானமா படிச்சா. ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னா.

"39.4 உன்னை எழுப்பினதுக்கு அப்புறம் பார்த்தது. நான் தனியா முதல் தடவை பார்த்தப்போ 39.9."

"சொல்லவே இல்லையே?"

"சொன்னா நீ தாங்கியிருக்க மாட்டே"ன்னா. லேப்டாப்பை என் பக்கம் தள்ளிட்டு, பாப்பா வாஷிங் மெஷின்ல வேற என்ன போட்டிருக்கான்னு பார்க்கப் போயிட்டா.